நாலே கால் மணிக்கு ரட்சிக்கப்பட்ட சகலை

1
மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னால் என் மனைவிக்குக் கண்ணீர் வருகிறது. நான் எழுந்தால் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

2
முதல் தொடக்கம்: 'முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் லுத்தரன் சபைக்குள் சிலர், விசுவாசம் தலையில் இருந்தால் போதாது, நெஞ்சுக்குள் இறங்க வேண்டும் என்று வீடுகளில் கூடி வேதம் வாசித்தார்கள். அந்தச் சூடு மெதடிஸ்டுகள் வரை பரவி...'

(நிறுத்திவிட்டேன். நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது.)

3
அந்த வழியில் வந்த எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில், சாட்சி என்றால் மனந்திரும்பிய தேதியும் மணியும் சொல்ல வேண்டும். சகலைக்கு இருக்கிறது: சாயங்காலம் நாலே கால், பல் டாக்டரின் நாற்காலி. அவர் அழுதால் சுவரே நனையும்.* நானோ நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். சின்ன வயதிலிருந்தே மெல்ல மெல்ல நம்பியவன். மெல்ல மெல்லவுக்கு ஏது மணி?

*மிகை. இரண்டு கைக்குட்டைதான்.

4
போன வியாழன் எழுந்தேன்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால, ஆகஸ்ட் பத்தொம்பது, மத்தியானம் மூணு பத்து. மெஷின் பக்கத்துல அப்படியே முழங்கால்ல விழுந்தேன்!"

பச்சைப் பொய். மனைவி தேம்பினாள். சகலைக்கு முகம் சுண்டிவிட்டது. ஆகா, என்ன சுகம்!

"இத்தனை நாள் மூச்சு விடலையே, அண்ணே?" என்றார் சகலை.

"பெருமையடிக்கக் கூடாதுல்ல, தம்பி."

5
வீட்டுக்கு வந்ததும் மனைவி தன் பழைய ஆத்தும நாட்குறிப்பை விரித்தாள். (எங்கள் ஆட்கள் தினமும் எழுதுவார்கள். அதை மறந்துபோய்த் தேதி சொன்ன புத்திசாலி நான்.) அதே வருடம், ஆகஸ்ட் பத்தொன்பது: 'ஆண்டவரே, அவர் நெஞ்சைத் திறந்தருளும். இனிக் கேட்க மாட்டேன்.'

"ஆண்டவர் அன்னிக்கே கேட்டிருக்காருங்க! அது தெரியாம, அதுக்கப்புறம் நான் ஒப்புக்குத்தான் ஜெபிச்சிட்டிருந்தேன்."

6
முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அவள்... (எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அவள் மறுபடி மனதார ஜெபிக்கிறாள், என் பொய்யின் மேல் முழங்காலிட்டு.

இதில் வேடிக்கை, எனக்கு இப்போது சகலை மேல் பொறாமையே இல்லை. அந்த மூணு பத்து ஆசாமி மேல்தான். அவனை நான்தான் எழுதினேன். அவனைப் பார்த்துத்தான் அவள் இப்படிச் சிரிக்கிறாள்.

இன்று வியாழன். அந்த நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அவள் சாட்சி சொல்லப் போகிறாள்.

"என்னங்க, எழுதினது போதும். கிளம்புங்க."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள், பூட்டும் சாவியுமாக வாசலில் நிற்கிறாள்.