ஒரு ஞாயிறும் விடாதவள்

கிறிஸ்துமஸ் ஆராதனையில் எனக்குச் சால்வை போர்த்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏழு வருஷமாக ஒரு ஞாயிறுகூட விடாமல் ஆலயத்துக்கு வந்தவளாம், அதற்காகச் சால்வையாம். வந்தது உண்மைதான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் எனக்குக் காய்கறிக் கடை. லோடு வந்து நின்றாலும் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறக்கமாட்டேன். டெம்போ ஓட்டும் முகம்மது மீரான், “ஆச்சி சாவுததா இருந்தாலும் ஆராதனை முடிஞ்ச பொறவுதான் சாவா” என்று கேலி பண்ணுவான். தென்காசியில் எங்கள் ஆலயத்தில் மூன்றாவது பெஞ்சு ஓரம் என் இடம். காய்ச்சலிலும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் திருவிருந்துக்கு மட்டும் எழும்பிப் போனதில்லை. ஒருவரோடு பகை வைத்துக்கொண்டு அந்தப் பந்தியில் முழங்கால் போடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்க வரிசை வரிசையாக எல்லோரும் போவார்கள், நான் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டு இருப்பேன். யாருக்கு யாரோடு சண்டை என்று அதை வைத்தே சபையில் பேசிக்கொள்வார்கள். சால்வையையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா? இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பந்திக்குப் போயே தீருவது என்று முடிவு கட்டினேன்.

பகை என் தங்கை ஜெபக்கனியோடு. குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் அவளும் அவள் மாப்பிள்ளையும் இட்லிக்கடை வைத்திருக்கிறார்கள். அம்மா கடைசியில் அவளிடம்தான் இருந்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள், எனக்கு ஒரு போன் இல்லை. உயிர் போன பிறகுதான் சொன்னாள், அது ஆச்சு ஏழு வருஷம். கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும், “இனி என் முகத்துல முழிச்சிராத” என்று கத்திவிட்டு வந்தேன். அதிலிருந்து அவள் ஆலயத்துக்கு வருவது கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும்தான். வெளியே பந்தலில் இருந்துவிட்டு, கடைசி வரிசையில் வந்து முழங்கால் போட்டு, வாங்கிக்கொண்டு போய்விடுவாள். வருஷத்துக்கு ஒரு நாள் வருகிறவளுக்குப் பந்தி, வாராவாரம் வருகிறவளுக்குப் பெஞ்சா? வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்தது. கேட்க வைக்கத்தான் இருபத்துநாலாம் தேதி மத்தியானம் குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் ஐயப்ப சாமிமார் கூட்டம். என்னைப் பார்த்ததும் ஜெபக்கனி தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்கார வரல” என்றேன். “அம்மா விஷயத்துல மன்னிப்புக் கேளு. நாளைக்கு நான் பந்திக்குப் போவணும்.”

“அன்னைக்கே கேட்டேனேக்கா, உன் காதுல ஏறல. நல்லாப் பாத்துக்கிடுதேன்னு உங்கிட்ட சொல்லி அம்மாவக் கூட்டிட்டு வந்தவ நான். அவளுக்கு மூச்சுத் திணறவும் உங்கிட்ட எப்படிச் சொல்லன்னு பயந்துட்டேன். சரியாயிரும், சரியாயிரும்னே ரெண்டு நாள் போயிட்டு. தப்புதான். மன்னிச்சிரு.”

வந்த வேலை முடிந்தது. அதோடு திரும்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

“மன்னிப்புக் கேக்கத் தெரியுது, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரத் தெரியலையே. உனக்கு இட்லிதான் பெருசு.”

“முகத்துல முழிக்காதன்னு நீதானக்கா சொன்ன?” அவள் குரல் உயரவில்லை. “நீ ஒரு வாரம் விடாம மூணாவது பெஞ்சுல இருக்க. நான் எங்கன வர? வேற கோயிலுக்குப் போய்ப் பாத்தேன், மனசு ஒட்டல. கிறிஸ்துமஸ்னா பந்தல் வரைக்கும் கூட்டம், உன் கண்ணுல பட வேண்டாம். அதான் அன்னைக்கு மட்டும் வருதேன்.”

“பந்திக்கு மட்டும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறட்டி?”

“தகுதி இருக்குன்னா போறேன்? வெறுங்கையத்தான் நீட்டுதேன். ஆண்டவர் இல்லேன்னு சொல்லாம தாராரு. அது இல்லாம என்னால ஒரு வருஷத்தத் தள்ளமுடியாதுக்கா.”

விறுவிறுவென்று பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் முதலில் அவள்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல். ஏழு வருஷத்து ஞாயிறுகளையும் ஆண்டவருக்குக் கொடுத்ததாக நினைத்திருந்தேன். அத்தனையையும் தங்கையிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அவளை மன்னிப்புக் கேட்க வைக்கப் போன நான், அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல் வந்ததை நினைத்து அழுதேன்.

மறுநாள் காலையில் ஆராதனை தொடங்குமுன் குருவானவரைப் பார்த்து, “அந்தச் சால்வை எனக்கு வேண்டாம் ஐயா, காரணம் பொறவு சொல்லுதேன்” என்றேன். அவர் தலையாட்டினார்.

பந்தி ஆரம்பித்தது. என் பெஞ்சில் எல்லோரும் போய் வந்தார்கள், நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பந்தல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடைசியில் ஜெபக்கனி, தலையில் முக்காடு இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். நான் எழுந்தேன். பாடகர் குழுவில் பாதிப் பேர் பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று போய், பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் அவள் பக்கத்திலேயே முழங்கால் போட்டேன்.

என்னைக் கண்டதும் அவள் எழும்பப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“இரு. தப்பு என்மேலதான்ட்டி. ஏழு வருஷமா உன்னக் கோயில விட்டு வெரட்டினது நான். நீ மன்னிச்சாத்தான் நான் கை நீட்டமுடியும்.”

மெல்லத்தான் சொன்னேன். என் மெல்லப் பேச்சு மூன்று பெஞ்சுக்குக் கேட்கும். குருவானவர் தட்டோடு அப்படியே நின்றார். ஜெபக்கனி அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் கையை நீட்டினோம். அவள் குடித்த கிண்ணத்தைக் குருவானவர் துடைத்து எனக்குக் கொடுத்தார், குடித்தேன்.

எழுந்ததும் அவள் பந்தல் பக்கம் திரும்பினாள்.

“எங்கன போற?”

“செருப்பு அங்கன கெடக்குக்கா.”

“கெடக்கட்டும், வா.” மூன்றாவது பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு வந்து என் இடத்தில் உட்கார வைத்தேன். “வார ஞாயித்துக்கிழமையும் நீ இங்கனதான் இருக்கணும். நீ வரலேன்னா நானும் வரமாட்டேன்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீ ஒரு ஞாயிறு விடமாட்டியேக்கா.”

“விடுவேன்” என்றேன்.