நம்பிராஜன் சாரின் மோதிர விரல்

ஒரகடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் வெல்டிங் தீப்பொறியே பறக்காது. அலுமினியத்தோடு கண்ணாடி, கண்ணாடியோடு ரப்பர் என்று ஜாதகம் பார்க்காமல் எதையும் எதோடும் பசையால் ஒட்டிவிடுவார்கள். டிரெய்னி கன்னியப்பன் கை வைத்தால் மட்டும் ஒட்டாது. அவன் செய்த பதினோரு சேம்பிள்களும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கழன்று விழுந்திருந்தன. பன்னிரண்டாவதும் விழுந்தால் திங்கட்கிழமை முதல் வேலை கிடையாது.

அந்தக் கடைசி வாய்ப்பு வாய்த்தது ஆயுத பூஜையன்று. எவர்சில்வர் கிண்ணத்தில் பசையைக் கலந்து மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, அலுமினியத் துண்டு எடுக்க ஸ்டோருக்குப் போனான். பசையோ கெட்டி மஞ்சள். பூஜைத் தட்டும் அங்கேதான் இருந்தது. விதி யாரை விட்டது.

பிளான்ட் ஹெட் நம்பிராஜன் திருநெல்வேலிக்காரர், பழுத்த பக்திமான். கிண்ணத்தில் மோதிர விரலை முக்கி, புது மெஷினின் அலுமினிய நெற்றியில் பொட்டு வைத்தார். வைத்த விரலை எடுக்காமலே கண்ணை மூடி, இந்த வருட டார்கெட் முழுவதையும் அம்பாளிடம் ஒப்பித்தார். கண்ணைத் திறந்தபோது விரல் வரவில்லை.

“என்ன சந்தனம்ல இது?”

திரும்பி வந்த கன்னியப்பன் கிண்ணத்தைப் பார்த்தான். “சந்தனம் இல்ல சார். என் சேம்பிளுக்குக் கலக்கி வெச்சிருந்த பசை.” பசையைக் கரைக்கும் தின்னர் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

குவாலிட்டி ரஞ்சனி குறுக்கே வந்தாள். “இருப்பா. பிரிக்கறதுக்கு முன்னாடி எந்த ஜாயின்ட்டையும் இழுத்துப் பாத்து எழுதணும். சார் கையெழுத்து போட்ட ரூல்தான்.”

விரலில் வாரைக் கட்டி, ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தாள். எட்டுக் கிலோவில் நம்பிராஜன் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். பன்னிரண்டில் தொழிலாளர் சட்டத்தைக் கூப்பிட்டார். பதினைந்தில் ரஞ்சனி, “பாஸ்” என்றாள். டெஸ்ட் பாரத்தில் ஒட்டிய பொருள்கள் என்ற இடத்தில் ‘அலுமினியம், மேனேஜர்’ என்று எழுதினாள்.

“பெறவு மத்த பதினொண்ணும் ஏன் விழுந்துச்சு?” என்றார் அவர், வலியிலும் அதிகாரி.

“பயந்துகினு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆட்டி ஆட்டிப் பாப்பான் சார். எப்படி ஒட்டும்? நீங்கதான் ஆடாம அசையாம புடிச்சீங்க. அதனால ஆபரேட்டர் பேரு உங்க பேருதான்” என்றாள் ரஞ்சனி.

கன்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. பசை அவனுடையது, திட்டு அவனுக்கு, பாஸ் மட்டும் பிளான்ட் ஹெட்டுக்கா? ஆறு மாதமாக யாரையும் எதிர்த்துப் பேசாதவன், தின்னர் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினான்.

“பேரை மாத்துங்க சார். அப்பால தொடைக்கிறேன்.”

பூஜைக்குக் கூடிய கூட்டம் பொரி மெல்லுவதை நிறுத்தியது. நம்பிராஜன் அவனை முறைத்தார், விரலைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். பிறகு ரஞ்சனியிடம் பாரத்தைக் கேட்டு வாங்கி, இடது கையால் தன் பெயரைக் கோணல்மாணலாக அடித்தார்.

“ஒங்க அப்பா பேரு என்னல? இனிஷியல் போடணும்லா.”

ஆறு மாதத்தில் அவனைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. “தாமோதரன் சார்” என்பதற்குள் கன்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.