எதிர்ப் பங்க்கில் விலை அதிகம்

ராயப்பேட்டை சிக்னலைத் தாண்டினால் சாலைக்கு இருபுறமும் எதிரெதிராக இரண்டு பெட்ரோல் பங்க். வலப்பக்கம் அரசு நிறுவனத்தினுடையது. இடப்பக்கம் தனியார்; அங்கே லிட்டருக்குப் பல ரூபாய் அதிகம். சிக்னலில் நின்ற ஸ்ரீஹரி வலப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டான். ஸ்கூட்டர் அவன் மனைவி வைதேகியுடையது. இன்றிலிருந்து அவள் தங்கை பூஜாவுக்கு. டேங்க்கை நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவனும் பூஜாவும் கிளம்பியிருந்தார்கள்.

"அத்திம்பேர், அக்கா லெஃப்ட்லதானே போடுவா?" என்றாள் பின்னாலிருந்த பூஜா.

"அங்க விலை ஜாஸ்தி."

"எதிரும் புதிருமா இருந்துண்டு ஏன் வேற வேற விலை?"

"கவர்மென்ட் கம்பெனிகளுக்குள்ள பைசாக் கணக்குலதான் வித்தியாசம். லாரி எவ்ளோ தூரம் வரணுங்கறதைப் பொறுத்து. பிரைவேட்காரன் அவன் விலையை அவனே வெச்சுப்பான்."

இதே விளக்கத்தை வைதேகிக்கும் பலமுறை சொல்லியிருக்கிறான். அவள் மருந்துக் கம்பெனி பிரதிநிதி. நாள் முழுக்க டாக்டர்களைப் பார்க்க அலைவாள். தலையாட்டிவிட்டு மறுபடியும் அங்கேயே போடுவாள். வீண் பகட்டு என்று நினைத்துக்கொள்வான்.

இன்று அவன் ஒதுங்கியது விலைக்காக அல்ல. அந்தப் பங்க்கில் சுலோச்சனா என்று ஒருத்தி வேலை பார்த்தாள். வைதேகி அவளைப் பற்றிப் பேசுவாள். வண்டியைப் பார்த்தால் வைதேகி எங்கே என்று சுலோச்சனா கேட்பாள். ஊருக்கெல்லாம் தகவல் சொன்னது மாமனார். ஸ்ரீஹரி தன் வாயால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அங்கயே போங்கோ. எனக்கு பாத்ரூம் போகணும்."

"அங்கயா?"

"அதுக்குத்தானே அக்கா அங்க போட்டா. வெயில்ல சுத்தறவ வேற எங்க போவா? அங்கதான் சுத்தமா இருக்கும்னு சொல்லுவா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. விலையைப் பற்றி வாதாடினானே தவிர, ஏன் என்று அவன் கேட்டதில்லை. பச்சை விழுந்தது. இண்டிகேட்டரை அணைத்துவிட்டு இடப்பக்கம் நுழைந்தான்.

சீருடையில் நின்றிருந்த சுலோச்சனா வண்டியைப் பார்த்ததும் சிரித்தாள். "தோடா! வண்டி வந்துகினு கீது, மேடத்தக் காணோம். இன்னா சார், உங்கள டிரைவரா வச்சிக்கினாங்களா?"

பூஜா பாத்ரூம் சாவி கேட்டாள். இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த சுலோச்சனா, அவள் போனதும் விடவில்லை. "எங்க சார் அவங்க? ஆளயே காணோமே?"

வெளியூர் போயிருக்கிறாள் என்று சொல்லிவிடலாம். ஆனால் நாளைக்கு இதே வண்டியில் பூஜா வருவாள். கேள்வி அவளிடம் போகும்.

"இறந்துட்டா. டெங்கு."

சுலோச்சனாவின் கை டேங்க் மூடியின் மேலேயே நின்றது. "ஐயோ, இன்னா சார் சொல்றீங்க..." பாத்ரூம் பக்கம் திரும்பிப் பார்த்து, "அது தங்கச்சியா? அதே மூக்கு."

"ஆமா. இனிமே அவதான் வருவா. அவகிட்ட எதுவும் கேக்க வேணாம்."

"கேக்க மாட்டேன் சார்." சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எவ்ளோ போட?"

"ஃபுல்."

"ஜீரோ பாத்துக்குங்க."

பார்த்தான். எண்கள் ஓடி நின்றபோது பூஜா திரும்பி வந்து சாவியை நீட்டினாள். சுலோச்சனா அதை வாங்கி இடுப்பில் செருகினாள்.

"உன் பேரு இன்னாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.