தலைவர் அழுத்திய பட்டன்

கம்பெனி வளர்ந்துவிட்டது என்பது, முதலாளியின் அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அன்றுதான் மூடிக்காரனுக்கு உறைத்தது. ஒரு காலத்தில் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை வீடு வீடாக விற்ற மனுஷன் அவர். எதிரே பார்த்தால் "சாப்பிட்டியா?" என்று கேட்காமல் போகமாட்டார். இப்போது மூன்று ஷெட், நான்கு லாரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

மூடிக்காரனுக்குப் பெயர் வந்ததே வேலையால்தான். பெல்ட்டில் வரும் ஆசிட் பாட்டிலுக்கு மூடியை எடுத்து வைப்பான். அடுத்திருக்கும் மெஷின் அதை முறுக்கும். பதினொரு வருஷமாக இதே கதை.

கம்பெனியை இன்னும் பெரிதாக்க மார்க்கெட்டிங் மேடம் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எல்லோரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மேடம் பேசினார்.

"நாம ஆசிட் விக்கல. நம்பிக்கையை விக்கிறோம்."

"அப்ப கண்ணு எரியறது நம்பிக்கையாலதானா அண்ணே?" என்று பின்னாலிருந்து எலக்ட்ரீஷியன் கிசுகிசுத்தான்.

"நம்மள மாதிரி நாப்பது கம்பெனி இருக்கு. எல்லா ஆசிட்டும் ஒரே ஆசிட்தான். ஆனா இங்க ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு தலைவர். தப்பு கண்ணுல பட்டா யாரையும் கேக்க வேண்டாம். இதை அழுத்துங்க, பெல்ட் நின்னுடும்."

எதையோ மூடியிருந்த துணியை விலக்கினார்கள். மூடிக்காரன் உட்காரும் இடத்துக்குப் பக்கத்துத் தூணில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு பட்டன்.

போட்டோவுக்கு மேடம் அவனைத்தான் தேர்ந்தெடுத்தார். முகம் நம்புகிற மாதிரி இருக்கிறதாம். மூன்று தடவை தலை சீவிக்கொண்டு, பட்டன்மேல் கட்டைவிரலை வைத்து நின்றான். அந்தப் படம் பாட்டிலில் வந்தது, லாரியில் வந்தது. கீழே 'எங்கள் தொழிலாளியே எங்கள் தலைவர்' என்று கொட்டை எழுத்தில்.

"தலைவரே, உங்க ஆட்சியில எங்க தெருவுக்குத் தண்ணி எப்ப வரும்?" என்று சலூன்காரர் கேட்டார். மூடிக்காரன் முறைத்தான். மறுநாளும் அந்த வழியாகவேதான் போனான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் தங்கச்சி வேலை கேட்டு வந்தாள். புருஷன் விட்டுப் போனவள், இரண்டு குழந்தைகள். ஆசிட் என்றதும் பின்வாங்கினாள்.

"கொட்டிச்சுன்னா என்னண்ணா பண்றது?"

"நான் எதுக்கு இருக்கேன்? பட்டன் என் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. நீ முகத்தைச் சுளிச்சாலே நிறுத்திடுவேன், போதுமா?"

அவன் வாய்ச்சொல்லை நம்பி வந்து, முறுக்கும் மெஷினுக்கு அந்தப் பக்கம் பாட்டிலைத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலையில் சேர்ந்தாள்.

ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஹோட்டல்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்கள் வாங்க ஆரம்பித்தால் நாலாவது ஷெட் நிச்சயம். அவர்களுக்காக விலையைக் குறைத்தார்கள்; விலைக்காக மூடியை மெலிதாக்கினார்கள்.

"சார், முறுக்கினா மூடி விரியுது" என்று மூடிக்காரன் சூப்பர்வைசரிடம் சொன்னான்.

"நாளைக்கு அவங்க வந்துட்டுப் போகட்டும் தலைவரே. அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு ஐந்தாறு பேர் வந்தார்கள். மேடம் பட்டனைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோதே ஒரு மூடி விரிந்தது. அந்தப் பாட்டில் சாய்ந்து மெஷினில் மாட்டிக்கொள்ள, பின்னால் வந்ததெல்லாம் அதை நெருக்கியது. மூடிக்காரன் பட்டனை அழுத்தினான். பெல்ட் ஓடியது. முஷ்டியால் குத்தினான். அப்போதும் ஓடியது.

"கையை எடு! கையை எடும்மா!"

கத்திக்கொண்டே ஷெட் கோடியிலிருந்த மெயின் சுவிட்சுக்கு ஓடி, அதை இழுத்தான். பெல்ட் நின்றது. அதற்குள் பாட்டில் வெடித்து, தங்கச்சியின் மணிக்கட்டை ஆசிட் நனைத்துவிட்டிருந்தது. இரண்டு பெண்கள் அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

எலக்ட்ரீஷியன் தலையைத் தூக்காமல் வந்து நின்றான். "அண்ணே, அந்தப் பட்டனுக்கு ஒயரே இல்லண்ணே. போட்டோவுக்காக மாட்டினது. கனெக்‌ஷன் அடுத்த வருஷம் குடுக்கலாம்னாங்க. யாருக்கும் சொல்லாதேன்னாங்க."

"எனக்குக் கூடவா?"

"உங்களுக்குத்தான் முக்கியமா சொல்லக்கூடாதுன்னாங்க. தெரிஞ்சா முகம் காட்டிக் குடுத்துடுமாம்."

அங்கே மேடம் தொப்பிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்தீங்களா? யாரோட உத்தரவுக்கும் காத்திருக்கல. தானே ஓடி நிறுத்தினார். இதுதான் எங்க கம்பெனி." அவர்கள் கை தட்டினார்கள்.

முதலாளி வந்து மூடிக்காரனின் தோளில் கை போட்டார். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், "சாப்பிட்டியா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல், "பட்டன் பக்கத்துல ஒரே ஒரு போட்டோ. அவங்க ஆசைப்படறாங்க. அப்புறம் போய் தங்கச்சியைப் பாரு" என்றார்.

மூடிக்காரன் எலக்ட்ரீஷியன் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவிக்கொண்டு தூணுக்குப் போனான். போட்டோவுக்குத்தான் போகிறான் என்று எல்லோரும் வழி விட்டார்கள். நான்கு திருகைக் கழற்றினான். "அதைத் தொடாதீங்க!" என்று மேடத்தின் குரல் கீச்சிட்டது. பட்டனைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தான்.

தங்கச்சி தண்ணீருக்கடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ அழுத்தலையாண்ணா?"

"அழுத்தினேன்மா. ரெண்டு தடவை. இங்க பாரு."

நல்ல கையால் அவள் பட்டனை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் வெறும் கூடு. நான்கு ஓட்டை, கொஞ்சம் தூசி.

"போட்டோ எடுத்த அன்னிக்கு இது வேலை செய்யுதான்னு ஒரு தடவை அழுத்திப் பாக்கலையா?"

அன்று மேடம் ஒரு கைக்கண்ணாடி கொடுத்திருந்தார். அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா" என்றான்.

அவள் பட்டனை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.