சைக்கால் அக்காவின் பொய் விளக்கு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருபது என்று எழுதிய வேகப் பலகை ஒன்று நிற்கிறது. தலைநகர் பிஷ்கெக்குக்குப் போகும் நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் அதைப் பள்ளியில் எத்தனை வகுப்பறை என்று சொல்லும் அறிவிப்பாக எடுத்துக்கொண்டு எண்பதில் போவார்கள். என் தாய்மாமன் தெமிர்போலோத் தொண்ணூறில் போவார். டாக்ஸி ஓட்டுகிறார். தினமும் என்னைக் கல்லூரியில் இறக்கிவிடுகிறவர் என்பதால் அவரைப் பற்றி மரியாதையாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பலகைக்குப் பணியாத எங்கள் ஆட்கள் ஒன்றுக்கு மட்டும் பணிவார்கள். எதிரே தெரியும் வண்டி விளக்கை இரண்டு முறை மின்னவிட்டால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். உடனே கால் பிரேக்குக்குப் போகும், பெல்ட் நெஞ்சுக்கு வரும், முகத்தில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவரின் சாந்தம் படரும். அடுத்து எதிர்ப்படுகிறவனுக்கு நாமும் மின்ன வேண்டும். கூடப் பிறந்த தம்பியோடு பத்து வருஷமாகப் பேசாதவர்கூட இதைத் தவறாமல் செய்வார்.

சைக்கால் அக்கா ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. செப்டம்பரில் ஒரு காரின் பக்கக் கண்ணாடி அவருடைய மாணவி ஒருத்தியின் பையை மாட்டி இழுத்துக்கொண்டு போனது. வார் மட்டமான சரக்கு என்பதால் அறுந்தது, பெண் பிழைத்தாள். அக்கா வேகத்தடை கேட்டு விண்ணப்பித்தார். பதில் வந்தது: "மேற்படி இடத்தில் இதுவரை உயிரிழப்பு இல்லாததால் அது ஆபத்தான இடம் ஆகாது. நிலைமை மாறினால் மீண்டும் விண்ணப்பிக்கலாம்."

முப்பத்தொரு பிள்ளைகள். ஒன்று குறையாமல் சாலையைத் தாண்ட வேண்டும், அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். கணவரின் ஓடாத ஜிகுலி காரைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கு முந்திய வளைவில் நிறுத்தினார். என்ஜின் செத்திருந்தாலும் விளக்குக்கு உயிர் இருந்தது. காலை ஏழரை முதல் எட்டு வரை உள்ளே உட்கார்ந்து, வருகிற வண்டிக்கெல்லாம் இரண்டு மின்னல். வண்டிகள் இருபதில் ஊர்ந்தன. ஊர்ந்தவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று எதிர்த்திசைக்காரர்களுக்கும் மின்னினார்கள். பிள்ளைகள் வாத்துகளைப் போல வரிசையாகச் சாலையைத் தாண்டினார்கள்.

நான்காவது வாரம் மாமாவுக்குச் சந்தேகம் வந்தது. ஜிகுலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"டீச்சரம்மா, போலீஸ் எங்க?"

"இன்னும் வரலண்ணே."

"வராத போலீஸுக்கு எதுக்கு லைட்டு போட்டீங்க?"

"பிள்ளைங்க வந்தாச்சே. அதுக்குத்தான்."

மாமா என் பக்கம் திரும்பினார். குரல் நடுங்கியது. "பாத்தியா மாப்ளே அநியாயத்த? மூணு வாரமா இருபதுல போயிருக்கேன்டா! சும்மா! ஒரு போலீஸ்காரன்கூட இல்லாம!"

"குழந்தைங்க இருந்தாங்களே மாமா."

"வாய மூடு. படிக்கிற திமிரு."

அன்று டாக்ஸி ஸ்டாண்டில் கறி அடைத்த சூடான சம்சா ஆறிப்போகும் அளவுக்குத் துக்கம். லைசென்ஸே இல்லாமல் பதினோரு வருஷமாக ஓட்டும் அசில்குல் கண் கலங்கினார். "நாளைக்கு நெசமாவே போலீஸ் நின்னா எவன் நம்புவான்? நாமெல்லாம் புள்ளகுட்டிக்காரங்க!"

போலீஸுக்கு மனு எழுத என்னை உட்கார வைத்தார்கள். 'சாலையில் பரஸ்பர நம்பிக்கையைக் குலைத்தல்' என்று தொடங்கினேன். மேற்படி பெண்மணி மின்னாதிருக்க, தினமும் காலையில் ஓர் இன்ஸ்பெக்டரை அதே இடத்தில் நிறுத்த வேண்டும் என்று முடித்தேன்.

மாமா உரக்கப் படித்தார். "அப்படிப் போடு! காவலுக்கு ஆள் போட்டாத்தான் அடங்குவா!"

நாற்பத்து மூன்று கையெழுத்து. அக்காவின் வேகத்தடை விண்ணப்பத்தில் ஒன்பதுதான் விழுந்திருந்தது. இரண்டே நாளில் உத்தரவு வந்தது.

இப்போது மெதெர் என்ற இளம் இன்ஸ்பெக்டர், கோடு போட்ட தடியோடு ஜிகுலியின் அருகே நிற்கிறார். அக்கா மின்னுவதில்லை. ஓட்டுநர்களே ஒருவருக்கொருவர் மின்னிக்கொள்கிறார்கள். நேற்று மாமா பதினெட்டில் ஊர்ந்துகொண்டே, "போராடினாத்தான்டா எதுவும் கெடைக்கும்" என்று எனக்கு உபதேசித்தார். ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருந்ததால் வெளியே மெதெர் அக்காவிடம் பேசியதும் காதில் விழுந்தது.

"டீச்சரம்மா, எனக்குக் காலு வலிக்குது. இந்த வண்டிய வீட்டுக்குத் தள்ளிட்டுப் போயிட்டா என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக்குவாங்க."

அக்கா விளக்கு சுவிட்சில் விரலை வைத்தபடி சாலையைப் பார்த்தார். பிள்ளைகள் பாதி தூரம் தாண்டியிருந்தார்கள்.

"நாளைக்கு மின்னலாம்னு இருக்கேன் தம்பி," என்றார். "நீங்க வந்துடுங்க."