யாரும் குடியில்லை

பங்காளிகள் ஆறு வீட்டாருக்கும் பொதுவான எங்கள் பெரிய வீட்டுக்கு வருஷ வரி பதினெட்டு ரூபாய். பங்காளிக்கு மூன்று ரூபாய். அதைக் கொடுக்க என் கொழுந்தனார் குமரப்பனுக்கு மனசு வரவில்லை. மலேயாவில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிற மகராசன் அவர்.

ஏழு தலைமுறைக்கு முன்னால் பிரசவத்தில் இறந்துபோன ஒரு மருமகளை அந்த வீட்டில் வைத்துக் கும்பிடுகிறோம். அவள் சேலை ஒரு பேழையில் இருக்கிறது. வருஷம் ஒருமுறை புதுச்சேலை வைத்துப் படைப்போம். பங்காளிகளைத் தவிர வெளியார் எவரும் அங்கே கும்பிட்டதில்லை. குமரப்பன் கூசாமல் மனுவில் 'பொதுமக்கள் வழிபாட்டிடம்' என்று எழுதினார். வழிபாட்டிடத்துக்கு வரி கிடையாது. ஆனால் யாரும் அதில் குடியிருக்கக் கூடாது.

நான் குடியிருந்தேன். பிள்ளையில்லாத விதவை நான். பன்னிரண்டு வருஷமாகப் பின்கட்டு அறையில் என் அடுப்பு எரிந்தது.

"அண்ணமிண்டி, நாளைக்குப் பஞ்சாயத்து ஆபீசர் வாராரு. அடுப்பையும் பாயையும் ஒரு நாளைக்குப் பக்கத்து வீட்டுல போட்டுருங்க. சும்மா பேப்பருக்குத்தான்" என்றார், அண்ணன் பெண்டாட்டியான என்னிடம். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆபீசர் நல்ல மனுஷர். பின்கட்டுச் சுவரில் அடுப்புக்கரியைப் பார்த்துவிட்டு என்னையே கேட்டார்.

"இங்க யாராச்சும் இருக்காங்களா ஆச்சி?"

பங்காளிகள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். வெளியாள் முன்னால் குடும்ப மானத்தை வாங்க எனக்கு நாக்கு எழவில்லை.

"யாரும் குடியில்லைங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் பாயோடு திரும்பி வந்தால், பின்கட்டில் பூட்டுத் தொங்கியது.

"என்ன குமரப்பா இது?" என்றேன்.

"நீங்கதானே அண்ணமிண்டி யாரும் குடியில்லைன்னு எழுதிக் குடுத்தீங்க? மறுபடி உள்ள வந்தா அது பொய்யின்னு ஆயிராதா? நாளைக்குக் கேஸாயிரும்."

பங்காளிகள் ஆளுக்கொரு பக்கமாக நழுவினார்கள். அந்த மாதமே வரிவிலக்கு ஆர்டர் வந்தது. நான் திருமயத்தில் நெல் மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். அழுகை நின்றுவிட்டது. ஆத்திரம் அடங்கவில்லை.

போன வாரம் குமரப்பன் வந்து, படைப்புக்கு நாள் வைத்திருப்பதாகச் சொன்னார்.

"அந்த வீட்டு வாசல்ல நான் கால் வைக்கலாமா?" என்று கேட்டேன்.

அவருக்கு என் கோபம் புரியவே இல்லை.

"என்ன அண்ணமிண்டி இப்படிக் கேட்டுட்டீங்க? தாராளமா வாங்க. பொதுமக்கள் யாரு வேணும்னாலும் வந்து கும்பிடலாம்னு ஆர்டர்லயே இருக்கு."