அலமாரிக்குள் வாசிப்பதற்கு ஒரு மன்னிப்பு

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் கதையாக எழுத உட்காரவில்லை. மன்னிப்பாக எழுத உட்கார்ந்தேன். அதுவும் என் மன்னிப்பு இல்லை, ராஜவேலுடையது. வெள்ளிக்கிழமைக்குள் அவர் தன் பாட்காஸ்டில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எங்கள் கோயில் கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. கேட்காவிட்டால் அவருடைய அலுவலகத்துக்கு மனு போகும். மனு போனால் தெற்கே கடைசித் தீவிலிருக்கிற கேம்பல் பேக்கு மாற்றல் வரும். கப்பலில் இரண்டு நாள் தூரம். அவர் மகள் ப்ரியங்கா இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு.

"அண்ணே, நீங்க ரைட்டர். மன்னிப்புக் கேட்ட மாதிரியும் இருக்கணும், கேக்காத மாதிரியும் இருக்கணும். கதையா எழுதிக் குடுங்க. நான் படிச்செல்லாம் பாக்க மாட்டேன், நேரா மைக்ல வாசிச்சிடுறேன்" என்றார்.

ரைட்டர் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டேன். பெயர் ஆவுடையப்பன். மெயின்லேண்ட் பத்திரிகைகளில் இரண்டு கதைகள் வந்திருக்கின்றன. இரண்டாவது வந்த பத்திரிகை அந்த இதழோடு நின்றுபோனது. அதற்கும் என் கதைக்கும் சம்பந்தமில்லை. கோயில் கமிட்டியில் இணைச் செயலாளரும் நானே. அந்தத் தீர்மானத்தை நோட்டில் எழுதியதும் என் பேனாதான்.

2

தொடக்கங்கள்:

(அ) அந்தமான் கடல் அன்று அமைதியாக

அடித்துவிட்டேன். மெயின்லேண்டிலிருந்து வந்து எழுதுகிறவர்கள்தான் கடலில் தொடங்குவார்கள். துறைமுகத்தை ஒட்டி ஹேடோவில் இருக்கிற எங்களுக்குக் கப்பல் டிக்கெட் கன்ஃபர்ம் ஆனால்தான் கடல் கண்ணுக்குத் தெரியும்.

(ஆ) போர்ட் பிளேரில் (பெயரை மாற்றிவிட்டார்கள், எங்கள் வாய்க்கு இன்னும் உத்தரவு வரவில்லை) உண்மையின் குரல் ஒன்று

இதையும் பாதியில் விட்டேன். மொத்தம் நாற்பத்து மூன்று பேர் கேட்கிற குரல் அது. எனக்கே கூச்சமாக இருந்தது.

(இ) ராஜவேல் அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசினார்.

இது நடந்தது. நிற்கட்டும்.

3

ராஜவேலுக்கு அரசு அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. ஹேடோ குவார்ட்டர்ஸில் எனக்கு மேல்மாடி. அரசு ஊழியர் அரசியல் பேசக் கூடாது என்பதால் 'தீவுக்காரன்' என்று பெயர் வைத்துக்கொண்டு, குரலை மென்பொருளில் இரண்டு படி கீழே இறக்கி, வாரம் ஒரு நாள் பேசுவார். நிகழ்ச்சியின் பெயர் 'கரண்ட் இருந்தால் பேசலாம்'. எதிரொலி வரக் கூடாது என்று மனைவி சுகுணாவின் புடவை அலமாரிக்குள் மைக்கை வைத்துத்தான் பதிவு. தன்னிடம் பேசுவதைவிடத் தன் பட்டுப்புடவைகளிடம் அதிகம் பேசுகிறார் என்பது சுகுணாவின் புகார்.

தொழில்நுட்பம், அரசியல், ஊடகம், மதம். முதல் முப்பது பகுதிகளில் இவை தனித்தனியாக வந்தன. முப்பத்தோராம் பகுதியில் நாலும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. அந்தப் பெட்டி எங்கள் அம்மன் கோயிலில் இருக்கிறது.

கமிட்டித் தலைவர் ஜெகநாதன் கட்டட கான்ட்ராக்டர், வரப்போகும் வார்டு தேர்தலில் வேட்பாளர். அவருடைய உபயம்தான் 'டிஜிட்டல் அருள்வாக்கு'. தொடுதிரையில் கேள்வி கேட்டால் செயற்கை நுண்ணறிவு அம்மனாகப் பதில் சொல்லும், தமிழிலும் இந்தியிலும். உள்ளூர் கேபிள் டிவி ஒரு மணி நேரம் நேரலை போட்டது. நெட் போனால் திரையில் வட்டம் சுற்றும். ஜனங்கள் அந்த வட்டத்துக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். [நானும் போட்டுக்கொண்டேன். எதற்கு வம்பு.]

சௌல்தாரியில் வீடு கட்டப்போகிற நீலாவதி, வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்று அம்மனைக் கேட்டார். 'ஜெ' எழுத்தில் தொடங்கும் பெயர் கைராசி என்றாள் அம்மன். இதைக் கேள்விப்பட்ட ராஜவேல் ஒரு வாரம் வரிசையில் நின்று கேட்டுப் பார்த்தார். மதில் சுவருக்கு ஜெ. செப்டிக் டேங்குக்கு ஜெ. வார்டு தேர்தலுக்கும் ஜெ. மகளை என்ன படிக்க வைக்கலாம் என்றதற்கு சிவில் இன்ஜினியரிங்.

இவ்வளவையும் முப்பத்தோராம் பகுதியில் சொன்னார். நாற்பத்து மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஒரு புண்ணியவான் ஜெகநாதனுக்கு அனுப்பிவைத்தார்.

4

இங்கே வருகிற ஒரு பாத்திரத்தை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் இல்லாமல் எழுதிப் பார்த்தேன், கதை நகர மறுக்கிறது. பெயர் வேண்டாம். காதுள்ளவர் என்று வைத்துக்கொள்வோம்.

கமிட்டிக் கூட்டத்தில் ஜெகநாதன் செல்போனில் அந்தப் பகுதியை ஓடவிட்டார். "யார் இந்த தீவுக்காரன்? பதா பண்ணுங்க, கண்டுபிடிங்க" என்றார். இறக்கிய குரல் யாருக்கும் பிடிபடவில்லை. மெயின்லேண்ட் ஆள் என்றார் ஒருவர். டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், அவராகத்தான் இருக்கும் என்றார் இன்னொருவர். விசாரணை அந்த மட்டில் முடியவிருந்தது. அப்போதுதான் காதுள்ளவர் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

ஹேடோவில் கப்பல் ஹாரன் அடித்தால் பேச்சு நின்றுவிடும். கல்யாணத்தில் மந்திரம் நிற்கும், சண்டையில் வசவு நிற்கும். ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்போம். ஹாரன் ஓய்ந்ததும், விட்ட சொல்லை மறுபடி ஒரு தடவை சொல்லித்தான் தொடர்வோம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ராஜவேல் ஹாரன் சத்தத்தை ஜாக்கிரதையாக வெட்டியிருந்தார். அதற்குப் பின் வந்த மௌனத்தையும் வெட்டியிருந்தார். மறுபடி சொன்ன சொற்களை வெட்ட அவருக்குத் தோன்றவில்லை. ஹேடோக்காரர் காதில் அவை விழவே விழாது. "அம்மன் பேர்ல டெண்டர், டெண்டர் எடுத்தது யாரு?" இப்படி மூன்று இடங்களில்.

காதுள்ளவர் இதைக் கால் மணி நேரம் விளக்கினார். அபாரமான விளக்கம். கூட்டத்திலிருந்த பதினோரு பேரும் கை தட்டினார்கள். குரலையே மாற்றத் தெரிந்த ஆள் என்றால், ஹேடோ குவார்ட்டர்ஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தமிழர் யார் என்று ஜெகநாதன் கேட்டார். இருப்பது ஒருத்தர்தான்.

(பேசியது ராஜவேல் என்று காதுள்ளவருக்கு அதுவரை தெரியாது. இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதியிருக்கிறேன்.)

மறுநாள் காலை ஜெகநாதன் பிரசாதத்தோடு ராஜவேல் வீட்டுப் படியேறினார். "அம்மன் உங்கள மன்னிச்சிட்டா தம்பி. கமிட்டி இன்னும் மன்னிக்கல" என்றார்.

5

முடிவுகள்:

ஒன்று. ராஜவேல் மன்னிப்புக் கேட்கிறார். பெட்டி தொடர்ந்து அருள்கிறது. ஜெகநாதன் வார்டில் ஜெயிக்கிறார். ப்ரியங்கா சிவில் இன்ஜினியரிங் சேர்கிறாள்.

இரண்டு. கேட்க மறுக்கிறார். கேம்பல் பே போகிறார். சுகுணாவும் ப்ரியங்காவும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பரீட்சை முடிகிற வரைக்கும் வாடகைக்கு

இதை எழுதி முடிக்கக் கை வரவில்லை.

மூன்று. கேட்பவர்கள் எண்ணிக்கை நாற்பத்து மூன்றிலிருந்து நாலு லட்சமாக உயர, மக்கள் பொங்கி எழுந்து... எழுதும்போதே சிரித்துவிட்டேன்.

நேற்று மாலை ராஜவேல் கீழே இறங்கி வந்து, கதை ஆயிற்றா என்று கேட்டார். முடிவில் நிற்கிறது என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று சுகுணா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார்.

"மனுவக் கூடச் சமாளிச்சுடலாம் அண்ணே. எப்படி என்னைக் கண்டுபிடிச்சாங்க, அது மட்டும் சமஜ் ஆகல."

வாயைத் திறந்துவிட்டேன். "அது வந்து ராஜவேல், நான்தான்" என்றேன். சென்னைக் கப்பல் ஹாரன் அடித்தது.

இரண்டு பேரும் விரலைத் தூக்கினோம். நீளமான ஹாரன். அது முடிகிறவரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் விட்ட சொல்லை மறுபடி சொல்வதற்காகக் காத்திருந்தார். ஹாரன் ஓய்ந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தந்துடுறேன்" என்றேன்.

இருபத்தாறு வருட ஹேடோ வாழ்க்கையில் விட்ட சொல்லை நான் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அவர் தலையாட்டிவிட்டு மாடியேறினார். கவனித்தாரா, தெரியவில்லை.

6

ராஜவேல், சொன்ன மாதிரியே படித்துப் பார்க்காமல், புடவைகளுக்கு நடுவே இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நிறுத்த வேண்டாம், இன்னும் கொஞ்சம்தான்.

மூன்று முறை அடித்த அந்த வாக்கியம் பொய். முதல் 'டெண்டர்' வந்தபோதே அது நீங்கள் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துதான் விளக்கினேன். என் இரண்டு கதைகளுக்கும் ஒரு கடிதம்கூட வந்ததில்லை, அன்று பதினோரு பேர் கை தட்டினார்கள். இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ப்ரியங்கா மாடிப்படியில் எதிரே வந்தால் நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

கமிட்டி கேட்ட மன்னிப்பு இதோ வந்துவிட்டது. கேட்கிற ஆள்தான் மாறிவிட்டார்.

ஆனால் இதில் உங்கள் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அப்படியே வெளியிட்டால் மாற்றல் நிச்சயம். பெட்டியின் கதையும் என் பெயரும் சேர்ந்து ஊருக்குத் தெரியும். வெட்டிவிட்டால் நீங்கள் தப்பலாம், நானும் ஜெகநாதனும் கூடவே தப்பிவிடுவோம். இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. முடிவு உங்களுடையது.

வெள்ளிக்கிழமை கப்பல் உண்டு. நீங்கள் வாசிக்கும்போதே ஹாரன் அடிக்கலாம். விரலைத் தூக்கிக்கொண்டு இருங்கள். ஓய்ந்ததும், அன்று நான் விட்ட சொல்லிலிருந்து தொடங்குங்கள்:

நான்தான்